கணுக்கால் கோணலை வளையம் போட்டு மெல்ல மெல்ல நிமிர்த்துவது: நம் மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் பக்கத்தில் பிசியோதெரபி பார்க்கிறேன். காலில் ரிங் போட்டுக்கொண்டு வருகிறவர்களும், போடச் சொல்லியிருக்கிறார்கள் என்று பயந்துபோய் வருகிறவர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். உங்கள் காலைப் பொறுத்தவரை உங்கள் சர்ஜன் சொல்வதுதான் கடைசி வார்த்தை. இதில் எழுதியிருப்பதும் அவர் சொன்னதும் மாறுபட்டால் அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

ரிங் என்கிறார்களே, அது என்ன?

முழங்காலுக்குக் கீழே காலைச் சுற்றி இரண்டு மூன்று உலோக வளையங்கள், பாதத்தைச் சுற்றி இன்னொன்று. மெல்லிய கம்பிகள் ஒரு பக்கத் தோலில் நுழைந்து, எலும்பைத் துளைத்து, மறுபக்கம் வெளியே வந்து வளையத்தில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். பெரியவர்களின் கீழ்க்கால் எலும்புக்கு வழக்கமாக 1.8 மி.மீ. கனமுள்ள கம்பி, பாதத்துக்கும் குழந்தைகளுக்கும் 1.5 மி.மீ. இவ்வளவு ஒல்லியான கம்பி உடம்பின் பாரத்தை எப்படித் தாங்கும் என்று கேட்பார்கள். சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கம்பி போலத்தான். 100 கிலோவுக்கும் மேலான இழுவிசையில் முறுக்கேற்றிக் கட்டுவதால் தாங்குகிறது. சில இடங்களில் கம்பிக்குப் பதிலாகத் தடித்த திருகாணிகளும் இருக்கும். வளையங்களை ஒன்றோடொன்று இணைக்கும் தண்டுகளில் உள்ள நட்டுகளைத் திருப்பத் திருப்ப, வளையம் நகரும். அதோடு எலும்பும் பாதமும் நகரும்.

இதைக் கண்டுபிடித்தவர் சைபீரியாவின் குர்கான் நகரில் வேலை பார்த்த காவ்ரீல் இலிசாரோவ். 1950களின் தொடக்கத்தில் உருவானது. மேற்கு நாடுகள் அதைக் கவனித்தது 1980களில்தான்.

யாருக்கெல்லாம் இது தேவைப்படுகிறது?

நான் பார்ப்பவர்களில் பைக் விபத்தில் கீழ்க்கால் எலும்பு உடைந்து கோணலாகக் கூடியவர்கள் நிறைய. பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்தவர்களும் உண்டு. சின்ன வயதில் கணுக்காலில் அடிபட்டு, எலும்பு வளரும் இடத்தின் ஒரு பாதி நின்றுபோய் மறுபாதி மட்டும் வளர்ந்ததால் பாதம் உள்பக்கமாகச் சாய்ந்த பிள்ளைகள் ஒரு வகை. குழந்தையாக இருந்தபோது போலியோ வந்து, இப்போது நடுத்தர வயதில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி நடப்பவர்கள் இன்னொரு வகை. தீக்காயத்தில் தோல் சுருங்கிப் பாதம் இழுத்துக்கொண்டது, பிறவியிலேயே வளைந்த பாதம் சரிசெய்த பிறகும் திரும்ப வளைந்தது, இவையும் இதில் சேரும்.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வே இல்லாதவர்களின் கோணல் தனி விஷயம். அவர்களுக்கும் வளையம் போடுவதுண்டு, ஆனால் கணக்கும் ஆபத்தும் வேறு.

எங்கள் பிள்ளைக்குப் பிறக்கும்போதே பாதம் வளைந்திருக்கிறது. ரிங் போட வேண்டுமா?

கைக்குழந்தைக்கு வேண்டாம். வாரம் ஒருமுறை மாவுக்கட்டு மாற்றி மாற்றிப் போட்டு நிமிர்த்தும் பொன்செட்டி முறைதான் முதல் வழி. பெரும்பாலும் ஐந்தாறு கட்டுகளில் நிமிர்ந்துவிடும். பல குழந்தைகளுக்குக் குதிகால் நரம்பில் சின்னதாக ஒரு வெட்டும் தேவைப்படும். (ஊரில் நரம்பு என்போம், அது தசைநாண்.) அப்புறம் பிரேஸ் (இரண்டு பாதங்களையும் ஒரு பட்டையில் பிணைத்துப் பிடிக்கும் காலணி) போட வேண்டும்: முதல் மூன்று மாதம் ஏறக்குறைய நாள் முழுதும், பிறகு நான்கு வயதுவரை இரவில். பாதம் நேராகிவிட்டதே என்று பிரேஸைப் பரணில் தூக்கிப் போடுகிற வீடுகளில்தான் பாதம் திரும்ப வளைகிறது.

ஒரே ஆபரேஷனில் நிமிர்த்தி பிளேட் வைத்துவிட முடியாதா?

கோணல் குறைவாக இருந்து, தோலும் நன்றாக இருந்தால் முடியும். அப்படி முடிகிறவருக்கு ரிங் வேண்டாம் என்பதே என் எண்ணமும். மாதக்கணக்கில் கம்பியோடு இருப்பது லேசான காரியமில்லை.

ஆனால் பத்து இருபது வருடமாக வளைந்து கிடக்கும் கணுக்காலில் எலும்பு மட்டும் கோணியிருப்பதில்லை. உள்பக்கத் தோல், தசைநாண், இரத்தக்குழாய், நரம்பு எல்லாமே அந்தக் கோணலுக்குத் தக்கபடி குட்டையாகியிருக்கும். ஒரே இழுப்பில் நிமிர்த்தினால் தோல் வெடிக்கலாம், விரல்களுக்கு இரத்தம் போகாமல் நிற்கலாம், உள்கணுவுக்குப் பின்னால் ஓடும் நரம்பு இழுபட்டு உள்ளங்கால் மரத்துப்போகலாம். அதைத் தவிர்க்க எலும்பை ஆப்பு வடிவில் வெட்டி எடுத்தால், ஏற்கெனவே குட்டையான கால் இன்னும் குட்டையாகும். மெல்ல நகர்த்தினால் இவை எல்லாம் கூடவே நீண்டுகொடுக்கும். கோணல், திருகல், நீளக் குறைவு மூன்றையும் ஒரே வளையத்தில் சரிசெய்யவும் முடியும்.

எலும்பை வெட்டுவார்களா?

எல்லோருக்கும் இல்லை. கோணல் மூட்டிலும் தசைநாணிலும் இருந்தால் வெட்டாமலே வளையத்தைக் கொண்டு இழுத்து நிமிர்த்துவதுண்டு. அப்போது மூட்டுக்குள் எலும்பும் எலும்பும் நசுங்காமல் இருக்க, முதலில் மூட்டைச் சில மில்லிமீட்டர் விலக்கிக்கொள்வார்கள். கோணல் எலும்பிலேயே இருந்தால் கணுக்காலுக்குச் சற்று மேலே சின்னக் கீறல் வழியாக வெட்டிவிடுவார்கள். வெட்டிய உடனே இழுக்கத் தொடங்குவதில்லை. ஐந்து முதல் பத்து நாள் சும்மா விடுவார்கள். இழுத்த இடைவெளியில் உடம்பே புது எலும்பை நிரப்பிக்கொள்ளும். அந்த நிரப்பலின் தொடக்கம் அந்தக் காத்திருப்பில்தான்.

நட்டைத் திருப்புவது டாக்டரா, நாங்களா?

நீங்கள்தான். ஆபரேஷன் டாக்டர் செய்வது. நிமிர்த்துவது வீட்டில் நடப்பது. எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு செலவு என்று பேசும் அதே நாளில், வீட்டில் யார் ஸ்பேனர் பிடிப்பது என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். ஒருவர் போதாது. மகன் வெளியூர் போனால் மருமகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வார்டில் இருக்கும்போதே நர்ஸ் முன்னால் நீங்கள் திருப்பிக் காட்டுங்கள். பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்லிக் கிளம்பாதீர்கள்.

வழக்கமான தண்டில் மரையின் இடைவெளி 1 மி.மீ. அதாவது நட்டை ஒரு முழுச் சுற்று சுற்றினால் 1 மி.மீ. நகரும். எலும்பு ஒரு நாளைக்கு 1 மி.மீ. விலக வேண்டும் என்பது பொதுக்கணக்கு. அதையும் ஒரே தடவையில் செய்யாமல், கால் சுற்று வீதம் நான்கு வேளையாகப் பிரிப்பார்கள்: காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு, இரவு உறங்கும் முன். ஆறுமுக நட்டில் கால் சுற்று என்றால் ஒன்றரை முகம். குழப்பம் அங்கேதான் வரும். சதுர நட்டாகவோ, திருப்பும்போது சொடுக்கு விழும் தண்டாகவோ இருந்தால் எளிது. எதுவாக இருந்தாலும் நட்டின் ஒரு முகத்தில் நெயில் பாலிஷால் ஒரு பொட்டும், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று வளையத்தில் ஓர் அம்புக்குறியும் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பேனர் பெரும்பாலும் 10 மி.மீ. அளவு. சமையலறைக் காலண்டரில் வேளைக்கு ஒரு கோடு கிழித்து வைத்தால், "திருப்பினோமா இல்லையா" என்ற சண்டை வராது.

பக்கத்துக் கட்டில்காரருடைய சீட்டோடு உங்கள் சீட்டை ஒப்பிடாதீர்கள். கோணலை நிமிர்த்தும்போது நட்டு இருக்கும் இடம் எலும்பிலிருந்து தள்ளி இருப்பதால், எலும்பில் 1 மி.மீ. விலக நட்டில் அதைவிட அதிகம் திருப்ப வேண்டியிருக்கும். ஒருவருக்கு நாளைக்கு நாலு கால் சுற்று, இன்னொருவருக்கு எட்டு என்றால் இரண்டுமே சரியாக இருக்கலாம்.

ஆறு தண்டுகள் குறுக்கும் நெடுக்குமாக உள்ள புதுவகை வளையமும் இருக்கிறது. அதில் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, ஒவ்வொரு தண்டும் ஒவ்வொரு நாளும் எந்த அளவில் நிற்க வேண்டும் என்று அட்டவணை தரும். தண்டில் உள்ள எண்ணைப் பார்த்து அந்த அளவுக்குக் கொண்டுவந்தால் போதும். திருகலான கோணலுக்கு அது துல்லியமானது, விலையும் அதிகம். சாதாரணக் கோணலுக்குப் பழைய வளையமே போதும் என்று சர்ஜன் சொன்னால் குறைவாக நினைக்க வேண்டாம்.

ஒரு வேளை மறந்துவிட்டால்? சீக்கிரம் முடியட்டும் என்று கூடுதலாகத் திருப்பினால்?

ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையில் இரண்டையும் சேர்த்துத் திருப்பாதீர்கள். போன் பண்ணிக் கேளுங்கள். வேகமாக இழுத்தால் இடைவெளியில் எலும்பு உருவாகாது, நரம்பும் தாங்காது. நாள்கணக்கில் விட்டால் எலும்பு முன்னதாகவே கூடிவிடும். அப்புறம் நட்டு இறுகும், வலி கூடும், கம்பி வளையும். திரும்ப வெட்ட வேண்டியதுதான்.

வலிக்குமா?

வலிக்கும். முதல் வாரம் ஆபரேஷன் வலி. அதன்பின் நட்டைத் திருப்பிய அரைமணி நேரம் ஒரு இழுப்பு, இரவில் ஒரு குடைச்சல். நிமிர்த்தல் முடிந்ததும் பெரும்பகுதி குறைந்துவிடும். கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். சில வகை மாத்திரைகள் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தக் கூடும் என்று பல சர்ஜன்கள் தவிர்ப்பார்கள். எழுதிக் கொடுத்ததை மட்டும் போடுங்கள்.

கம்பி நுழையும் இடத்தில் நீர் வடிகிறது. பழுத்துவிட்டதா?

இந்த வைத்தியத்தில் அதிகம் வரும் தொந்தரவு கம்பித் துளையில் கிருமி சேர்வதுதான். வராத ஆளைப் பார்ப்பது அபூர்வம். அதனால் பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

தெளிவான, வெளிர்மஞ்சள் நீர் கொஞ்சம் கசிந்து காய்ந்து பொருக்காவது சகஜம். துளையைச் சுற்றிச் சிவந்து, தொட்டால் வலித்து, நீர் கெட்டியாகிச் சீழாக மாறினால் அன்றைக்கே சொல்லுங்கள். சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலும் மாத்திரையிலேயே அடங்கும். நாள் கடத்தினால் கம்பி தளர்ந்து, அதை எடுத்துவிட்டு வேறு கம்பி போட நேரும்.

சுத்தம் செய்யும் மருந்தும் இடைவெளியும் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். சலைன் சொன்னால் சலைன், குளோர்ஹெக்சிடின் சொன்னால் அது. மாறாதவை சில. முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஒரு துளைக்குத் தொட்ட காஸ் துணி அடுத்த துளைக்குப் போகக் கூடாது. துடைத்த பிறகு கம்பியைச் சுற்றிக் காஸைச் சற்று அழுத்தமாகச் சுற்ற வேண்டும், ஏனென்றால் கம்பியின்மேல் தோல் ஏறி இறங்குவதுதான் கிருமிக்குக் கதவு திறக்கிறது. அதிகம் நடந்த நாளின் மறுநாள் துளை சிவப்பதும் அதனால்தான். மஞ்சள், பவுடர், தேங்காய் எண்ணெய் எதுவும் போடாதீர்கள். இடவப்பாதி மழையிலும் ஐப்பசி மழையிலும் சுற்றிய துணி ஈரமாகவே இருக்கும். நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

குளிக்கலாமா?

தையல் பிரித்து, டாக்டர் சரி என்றதும் சுத்தமான குழாய்த் தண்ணீரில் குளித்து, உடனே துடைத்துக் காயவைத்துத் துணி மாற்றலாம். குளம், கால்வாய், ஆறு, கடல் கிடையாது. இது நம் ஊரில் சொல்ல வேண்டிய விஷயம். வீட்டுக்குப் பின்னாலேயே குளம் இருக்கும், முங்கி எழுந்தால்தான் குளித்த மாதிரி இருக்கும். ரிங் கழற்றித் துளைகள் மூடும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆசானிடம் காட்டி எண்ணெய் போட்டுத் தடவினால் நிமிராதா?

வர்ம ஆசான்களை நம்பி வளர்ந்த மாவட்டம் இது. நானும் அந்தக் கையின் திறமையைக் குறைத்துப் பேசுகிற ஆள் இல்லை. சுளுக்கும் தசைப்பிடிப்பும் அங்கே தீர்ந்த பலரைத் தெரியும். ஆனால் கோணலாகக் கூடி இறுகிவிட்ட எலும்பைத் தடவி நிமிர்த்த யாராலும் முடியாது. எலும்பு முறிந்த புதிதில் எக்ஸ்ரே எடுக்காமல் மூங்கில் வைத்துக் கட்டிய கால்களும் என்னிடம் ரிங்கோடு வந்திருக்கின்றன, ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுவிட்டு மறுபரிசோதனைக்கே போகாத கால்களும் வந்திருக்கின்றன.

ரிங் இருக்கும்போது தைலம், தடவல், கட்டு எதுவும் கூடாது. எண்ணெய் கம்பித் துளைக்குள் இறங்கி அழுக்கைப் பிடித்து வைக்கும். கழற்றியபின் தசைக்குத் தடவ விரும்பினால், எலும்பு உறுதியாகிவிட்டது என்று சர்ஜன் சொல்லட்டும்.

மீன் சாப்பிடலாமா? பத்தியம் என்ன?

தாராளமாகச் சாப்பிடுங்கள். மீன் சாப்பிட்டால் புண் பழுக்கும் என்று வீட்டில் பெரியவர்கள் தடுப்பார்கள். மீன் ஒவ்வாமை இல்லாதவருக்கு அதில் உண்மையில்லை. புது எலும்புக்குப் புரதம் வேண்டும். வெறும் மரச்சீனிக்கிழங்கும் கட்டன்சாயாவுமாக நாளைக் கழித்தால் புரதம் எங்கிருந்து வரும்? கிழங்கோடு சாளைக் குழம்பு, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, முட்டை, சிறுபயறு, பால் என்று எது கையில் இருக்கிறதோ அது. வைட்டமின் டி குறைவு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை கேளுங்கள். சர்க்கரை இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே கட்டுக்குள் வர வேண்டும்.

உண்மையான பத்தியம் ஒன்று உண்டு: பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை. நிக்கோட்டின் எலும்பு கூடுவதைத் தெளிவாகவே தாமதப்படுத்தும். கருவாட்டை நிறுத்திவிட்டுப் பீடியைத் தொடர்கிற ஆட்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

ரிங்கோடு நடக்கலாமா?

பெரும்பாலும் நடக்கச் சொல்வார்கள். பாரம் ஏறினால்தான் புது எலும்பு கெட்டிப்படும். எப்போது, எவ்வளவு பாரம் என்பது சர்ஜன் சொல்வது. பாத வளையத்துக்கு அடியில் செருப்பு அடியையோ பலகையையோ கட்டி ஊன்ற வைப்போம். மறுகாலுக்கும் அதே உயரத்தில் செருப்பு வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பு வலிக்கும். முதலில் வாக்கர், அப்புறம் ஊன்றுகோல்.

பாதம் மேலே நிமிர நிமிர விரல்கள் கீழே சுருளும். அதைக் கவனிக்காமல் விட்டால் கணுக்கால் நேராகி, விரல்கள் கொக்கியாகிவிடும். தினமும் பல தடவை விரல்களைக் கையால் மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். தேவைப்பட்டால் துணிப்பட்டை கட்டுவோம். முழங்காலையும் முழுதாக நீட்டி வையுங்கள். அதற்கடியில் தலையணை வைத்துப் படுப்பது சுகமாகத்தான் இருக்கும், ஆனால் முழங்கால் மடங்கியபடியே இறுகிவிடும். தலையணை குதிகாலுக்கும் கெண்டைக்காலுக்கும் அடியில் போகட்டும்.

"மக்கா, இந்தக் கம்பியோட புள்ள எப்பிடி ஒறங்கும்?"

முதல் பத்து நாள் சரியாக உறங்காது, அப்புறம் பழகிவிடும். வளையத்தின்மேல் பழைய தலையணை உறையை மாட்டினால் போர்வை சிக்காது, மறுகாலில் கீறாது, கொசுவும் அண்டாது. ஆண்களுக்கு லுங்கி, பெண்களுக்கு நைட்டி போதும். பள்ளிக்கூடம் போகும் பையனுக்குப் பேன்ட்டின் பக்கத் தையலைப் பிரித்து ஒட்டுப்பட்டை வைக்கலாம். தலைமையாசிரியரிடம் பேசி வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.

குத்தவைக்கும் கழிப்பறை முடியாது. நாற்காலி மாதிரியான ஏற்பாட்டை ஆபரேஷனுக்கு முன்பே செய்துவிடுங்கள். பேருந்தில் கூட்டமில்லாத நேரமாகப் போங்கள். படியிலும் கம்பியிலும் வளையம் மாட்டும். மண்டைக்காடு கொடையும் கோட்டாறு திருவிழாவும் அடுத்த வருடம் வரும்.

எத்தனை மாதம்?

எலும்பை வெட்டாமல் நிமிர்த்துவது என்றால் நிமிர ஒன்றிரண்டு மாதம், நிமிர்ந்தபடி பிடித்து வைக்க இன்னும் ஒரு மாதமோ சற்றுக் கூடவோ. எலும்பு வெட்டியிருந்தால் மூன்று நான்கு மாதத்துக்குக் குறையாது. நீளமும் கூட்ட வேண்டுமானால் இன்னும் நீளும். இழுக்கும் காலத்தைவிடப் புது எலும்பு கெட்டிப்படும் காலம் அதிகம், ஏறக்குறைய இரட்டிப்பு. அந்தக் காலத்தில் திருப்ப ஒன்றும் இருக்காது, சும்மா சுமக்க வேண்டும். ஜனங்கள் சலித்துப்போவது அப்போதுதான்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

உள்ளங்காலில் மரமரப்பு, எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு வந்தால் முதலில் நட்டைத் திருப்புவதை நிறுத்துங்கள், பிறகு போன் செய்யுங்கள். உள்கணுவின் பின்னால் உள்ள நரம்பு இழுபடுகிறது என்று அர்த்தம்; வேகத்தைக் குறைத்தாலோ கொஞ்சம் பின்னால் திருப்பினாலோ பெரும்பாலும் சரியாகும், சிலருக்கு நரம்பை விடுவிக்கச் சின்ன ஆபரேஷன் தேவைப்படும். விரல்கள் நீலமாவது, சில்லிடுவது, கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல், காய்ச்சலோடு சீழ், "டக்" என்று கம்பி அறுந்த சத்தம், இவை எதற்கும் அடுத்த ஓபி நாள்வரை காத்திருக்காதீர்கள்.

எங்கே போவது? செலவு?

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்புப் பிரிவில் முதலில் காட்டுங்கள். திருநெல்வேலி, திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிகளும் எட்டும் தூரம்தான். எங்கே போனாலும் வளையம் போட்டு நிமிர்த்துவதைத் தொடர்ந்து செய்கிறவரா என்று சர்ஜனிடம் நேராகவே கேளுங்கள், கோபிக்க மாட்டார். முதல் மாதங்களில் வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டியிருக்கும் என்பதால், பேச்சிப்பாறையிலிருந்தும் கொல்லங்கோட்டிலிருந்தும் வருகிறவர்கள் பயணத்தையும் செலவில் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை வரம்பு உண்டு. அட்டை இல்லாதவர்கள் ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்துக்குப் போகலாம். ஆஸ்பத்திரிக் காப்பீட்டுக் கவுண்டரில் மூன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: வளையத்தின் விலை இதில் அடங்குமா, கழற்றும் ஆபரேஷன் அடங்குமா, நடுவில் கம்பி மாற்ற நேர்ந்தால் யார் பொறுப்பு. கேரளாவில் காட்டுவதாக இருந்தால், அந்த ஆஸ்பத்திரியில் இந்த அட்டை செல்லுமா என்று சேரும் முன்பே விசாரியுங்கள்.

கழற்றியதும் கால் பழையபடி ஆகிவிடுமா?

கழற்றுவது சின்ன வேலை. லேசான மயக்கத்தில் முடித்து அன்றைக்கே அனுப்புவதும் உண்டு. துளைகள் தானாக மூடும், தழும்பு நிற்கும். உடனே ஓடியாட முடியாது. சில வாரம் மாவுக்கட்டு, அப்புறம் மாதக்கணக்கில் பிளாஸ்டிக் பிரேஸ். பாதம் திரும்பப் பழைய பக்கமே இழுக்கப் பார்க்கும். அதனால்தான் கொஞ்சம் கூடுதலாகவே நிமிர்த்தி வைப்பார்கள்.

எதிர்பார்ப்பையும் சொல்லிவிடுகிறேன். பாதம் முழுதாகத் தரையில் பதிய வேண்டும், சாதாரணச் செருப்புப் போட முடிய வேண்டும், வலி குறைய வேண்டும். இந்த மூன்றும்தான் குறி. பல வருடம் இறுகிக் கிடந்த மூட்டு நேரானாலும் அசைவு அவ்வளவாகத் திரும்பாது. குருத்தெலும்பு ஏற்கெனவே தேய்ந்திருந்தால், கோணல் போனபிறகும் வலி இருக்கும். அப்படிப்பட்டவருக்கு மூட்டின் எலும்புகளை அசையாதபடி ஒன்றாகக் கூட்டிவிடுவது பற்றி சர்ஜன் முன்பே பேசுவார்.

பால்வெட்டுக்குப் போகலாமா? மரம் ஏறலாமா? கடலுக்கு?

பிரேஸ் விட்டு, எக்ஸ்ரேயில் எலும்பு உறுதி என்று தெரிந்தபின் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. சமதளத் தோட்டமாக இருந்தால் சீக்கிரம், மலைச்சரிவாக இருந்தால் தாமதமாக. இருட்டில் வழுக்கும் என்பதால் நல்ல ஹெட்லைட்டும் பிடிமானமுள்ள காலணியும் வேண்டும். வள்ளத்தில் போகிறவர்கள், கணுக்கால் அசைவு குறைவாக இருந்தால் ஆடும் தளத்தில் நிற்கத் தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டும். கரையில் வலை வேலையில் தொடங்கலாம். பனையும் தென்னையும் ஏறுவதற்குக் கணுக்கால் இரண்டு பக்கமும் வளைந்துகொடுக்க வேண்டும். இறுகிய கணுக்காலோடு அது வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். ஏறியே ஆக வேண்டும் என்கிறவர்களை, தென்னை ஏறும் கருவியோடு என்னிடம் ஒருமுறை வந்து ஏறிக் காட்டச் சொல்கிறேன்.